ஆண் பெல்லி டான்ஸ் ஆடினால் மட்டக்களப்பில் மேடை கிடைக்குமா?

கேள்வி: "நான் கல்லடிப் பக்கம். வயது 23. பாடசாலையில் பரதம் படித்தேன். கொழும்பில் வேலை செய்த காலத்தில் ஒரு ஆசிரியையிடம் பெல்லி டான்ஸ் முறையாகப் பழகினேன். ஊருக்குத் திரும்பி வந்தபிறகு ஒரு மேடையும் கிடைக்கவில்லை. பாசிக்குடாக் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் 'பொம்பிளப் புள்ளைகள் இருந்தாக் கூட்டிட்டு வாங்க' என்றார்கள். ஒரு கலைமன்றத்தில் 'பகிடிக்கு ஒரு ஐட்டம் செய்யுங்களன்' என்றார்கள். நான் ஆண் என்பதுதான் பிரச்சினையா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இதை மரியாதையாகச் செய்ய வழி உண்டா?"

ஓம் தம்பி, ஆண் என்பதுதான் பிரச்சினை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்கள் ஆட்டத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்து வருடக்கணக்காக உங்களையே குடைந்துகொண்டிருப்பீர்கள். வழி உண்டா என்றால், உண்டு. ஆனால் அது ஹோட்டல் வாசலில் தொடங்குவதில்லை.

நான் கூத்தும் நாடகமும் படித்தவன். கிராமத்து மன்றங்களோடும் பாடசாலைகளோடும் நெடுநாளாக மேடை வேலை செய்கிறேன். பெல்லி டான்ஸ் நான் ஆடுவதில்லை. அதன் வரலாற்றையும் தாளங்களையும் விரும்பிப் படித்திருக்கிறேன், உங்களைப் போன்ற பொடியன்மார் சிலருக்கு மேடை தேடிக் கொடுக்க அலைந்தும் இருக்கிறேன். எழுதுவது அந்த அலைச்சலில் கண்டதை வைத்துத்தான்.

முதலில் நம்முடைய ஊரைப் பார்ப்போம். ஆண் ஆடுவது இங்கே யாருக்கும் புதிதல்ல. வடமோடியும் தென்மோடியும் பரம்பரையாக ஆண்களே ஆடி வந்த கூத்துகள். திரௌபதையாக, சுபத்திரையாக, அல்லியாக வந்து விடிய விடியக் களரியில், அதாவது கூத்தின் வட்ட மேடையில், நின்றவர்கள் வயல் வெட்டியவர்களும் தோணி வலித்தவர்களும்தான். சட்டம் கொடுக்கிற, அதாவது பாத்திரங்களைப் பிரித்துக் கொடுக்கிற நாளில், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் உடம்பையும் குரலையும் பார்த்து, 'இவனுக்குப் பெண் வேசம்' என்று கொப்பியைக் கையில் கொடுத்தால் அந்தக் குடும்பம் வெட்கப்படுவதில்லை. அரங்கேற்றத்தன்று தாயும் மாமிமாரும் முன்வரிசையில் பாய் போட்டு இருப்பார்கள். நன்றாக ஆடியவருக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரே ஊரில் நிலைத்துவிடும்.

ஒரு கூத்துப் பழக்கத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெண் வேசக்காரப் பொடியன் ஒருவன், பாத்திரம் முதலில் களரிக்குள் வருகிற வரவு ஆட்டத்தில் மரம் மாதிரி நின்றான். அண்ணாவியாருக்கு எழுபது தாண்டிய வயது. மத்தளத்தை இறக்கி வைத்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு களரிக்கு நடுவே வந்தார். முழங்காலை லேசாகத் தளர்த்தி, ஒரு தோளைச் சரித்து, கையை இடுப்பருகே கொண்டுவந்து நாலு அடி வைத்தார். அந்த நாலு அடிக்குள் ஆளே மாறிவிட்டார். பிறகு பொடியனின் முழங்காலைத் தட்டிச் சொன்னார்: "மனே, இடுப்ப ஆட்டாத. காலச் சரியா வையி. மறுகா இடுப்புத் தானா வரும்." சுற்றி நின்ற பத்துப் பதினைந்து ஆம்பிளைகளில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லாரும் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதே ஆட்கள் உங்கள் ஆட்டத்தைப் பார்த்தால் ஏன் நெளிகிறார்கள்? நான் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். களரியில் அந்தப் பொடியன் திரௌபதை. அவனுடைய நளினம் அவனுடையது அல்ல, பாத்திரம் அவனுக்குக் கொடுத்தது. விடிந்ததும் முகப்பூச்சைக் கழுவிவிட்டு அவன் திரும்பவும் இன்னாரின் மகன் ஆகிவிடுவான். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கில் தெய்வம் ஆடுகிற ஆணுக்கும் இதே ஏற்பாடுதான். ஆடுவது அவர் அல்ல, அம்மன். காலில் விழுந்து கும்பிடுகிறோம். நீங்களோ எந்தப் பாத்திரமும் இல்லாமல், உங்கள் சொந்த முகத்தோடும் தாடியோடும் வந்து இடுப்பை ஆட்டுகிறீர்கள். 'இது நான்தான், இந்த மென்மையும் என்னுடையதுதான்' என்று சொல்லிக்கொண்டு ஒரு ஆண் தனியாக நிற்பதைத்தான் நம்முடைய சபைக்குத் தாங்க முடியவில்லை. ஆண் ஆடுவதற்கு இங்கே தடை கிடையாது. ஆண் தானாக நின்று மென்மையாக ஆடுவதற்குத்தான் தடை.

கூட்டமாக ஆடினாலும் பிரச்சினை இல்லை என்பதையும் கவனியுங்கள். அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கம் முஸ்லிம் ஊர்களில் பொல்லடி என்ற கோலாட்டம் ஆடுகிறார்கள். அவர்களுக்கும் அண்ணாவியார் உண்டு. கையில் பொல்லோடு வட்டமாகச் சுழன்று, குனிந்து நிமிர்ந்து அடிக்கிற அந்த ஆட்டத்தில் எவ்வளவு நளினம்! அதை யாரும் பெண்தன்மை என்று சொன்னதில்லை. கையில் பொல்லு இருக்கிறது, பக்கத்தில் பத்துப் பேர் இருக்கிறார்கள், அது போதும். கண்டியில் பெரஹரா ஊர்வலத்தில் வெஸ் தலைப்பாகையோடு ஆடுகிற ஆணுக்குக் கிடைக்கிற மரியாதையும் உங்களுக்குத் தெரியும். இந்தத் தீவில் ஆடுகிற ஆணுக்கு மரியாதைக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

சரி, ஆட்டம் பிறந்த இடத்துக்கு வருவோம். 'இது பொம்பிளையள்ட ஆட்டம்தானே' என்று உங்களிடம் சொல்கிறவர் எகிப்தைத்தான் காட்டுவார். எகிப்தின் கதை அப்படி ஒருபக்கமானது அல்ல. 1834ல் முகம்மது அலி பாஷாவின் ஆட்சி, பொது இடங்களில் ஆடிப் பிழைத்த பெண்களைக் கெய்ரோவிலிருந்து வெளியேற்றித் தெற்கே எஸ்னா, கேனா போன்ற ஊர்களுக்கு அனுப்பியது. அதன்பின் தலைநகரத்துக் கலியாணங்களிலும் விருந்துகளிலும் அந்த இடத்தை நிரப்பியவர்கள் ஆண்கள். கவல் என்பது அவர்களுக்கு வழங்கிய பெயர். அவர்கள் புதிதாக முளைத்தவர்களும் அல்ல. எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் 1836ல் வெளியிட்ட நூலில் அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். கூந்தல் வளர்த்துப் பின்னி, பாதி ஆண் உடுப்பும் பாதிப் பெண் உடுப்புமாக, பெண்கள் ஆடிய அதே ஆட்டத்தை ஆடினார்கள். பெண்கள் பொதுவில் ஆடுவது முறையல்ல என்று கருதிய வீட்டுக்காரர்கள் இவர்களைத்தான் விரும்பி அழைத்தார்கள். நம்முடைய கூத்தில் பெண் வேசம் ஆணிடம் போனதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்: பெண்ணை மேடையிலிருந்து தள்ளிவைத்ததால் ஆணுக்கு இடம் கிடைத்தது. அந்த அநியாயத்தை மறந்துவிட்டு 'அந்தக் காலத்தில் ஆண்களுக்கு என்ன மரியாதை' என்று நாம் பேசக் கூடாது.

ஒட்டோமான் துருக்கியிலும் கொச்செக் என்ற ஆண் ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். பாவாடை கட்டி, கையில் சிறுதாளம் பூட்டி, அரண்மனையிலும் மதுக்கடைகளிலும் ஆடினார்கள். பலர் சிறுவர்கள். அவர்களைச் சுற்றி நடந்த சுரண்டலை நான் அழகாக்கிச் சொல்ல மாட்டேன். 19ஆம் நூற்றாண்டில் அரசே அதைத் தடை செய்தது.

பிறகு படம் மாறியது. 1893ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் மேற்குலகம் இந்த ஆட்டத்தைப் பார்த்து வாய் பிளந்தது. 1926ல் பதியா மசாப்னி என்ற ஆட்டக்காரி கெய்ரோவில் தன் கேளிக்கை அரங்கைத் திறந்தார். அங்கே ஆடிய தஹியா கரியோக்காவும் சாமியா கமாலும் எகிப்திய சினிமாவுக்குப் போனார்கள். மினுங்குகிற இரண்டு துண்டு உடுப்பு, தனியே ஆடும் ஒரு பெண், மேசைகளில் இருந்து பார்க்கும் கூட்டம் என்ற அந்தக் காட்சி ஏறக்குறைய 100 வருடம் பழையது, அவ்வளவுதான். அந்தப் பெண்கள் பெரும் கலைஞர்கள். ஆனால் அந்தக் காட்சிதான் முழு ஆட்டமும் என்று உலகம் எடுத்துக்கொண்டதில் ஆண்கள் ஓரமாகிப் போனார்கள். எகிப்தில் இன்றைக்கும் தெருவடைத்து நடக்கிற கலியாணத்தில் மாமனும் மச்சானும் இடுப்பை ஆட்டித்தான் ஆடுகிறார்கள். காசுக்கு மேடையில் ஆடுகிறபோதுதான் கேள்வி வருகிறது.

எகிப்திய ஆட்டக் கலைஞர் மஹ்மூத் ரெடாவைப் பற்றி நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்கு எகிப்தின் ஜிம்னாஸ்டிக் அணியில் போனவர். 1959ல், தம் சகோதரர் அலி ரெடாவோடும் ஃபரீதா ஃபஹ்மியோடும் சேர்ந்து ரெடா குழுவைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய் நாட்டாட்டங்களைப் பார்த்து மேடைக்குக் கொண்டுவந்தார். படித்த குடும்பங்கள் ஆட்டத்தை மதிக்கத் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நம்முடைய கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தவர்கள் முன் நிறுத்தியதும் கிட்டத்தட்ட அதே காலம். ஆனால் ரெடா கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். அவருடைய மேடையில் ஆணின் அசைவு வேறு, பெண்ணின் அசைவு வேறு என்று தெளிவாகப் பிரிந்தது. ஆணுக்குத் தடியும் குதிப்பும் நிமிர்ந்த முதுகும், பெண்ணுக்கு இடுப்பு. பரதத்திலும் இதைத்தானே பார்க்கிறோம்? ஆண் ஆடலாம், ஆனால் சிவதாண்டவம் ஆட வேண்டும், வீரம் காட்ட வேண்டும். 'ஆம்பிளை மாதிரி ஆடினால் விடுகிறோம்' என்பது அனுமதிதான், ஆனால் பாதி அனுமதி.

இன்றைக்கு இந்த ஆட்டத்தை ஆணாகவே நின்று ஆடி உலகம் முழுக்கக் கற்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எகிப்தின் டிட்டோ சைஃப்பின் காணொளிகளைத் தேடிப் பாருங்கள். நீளமான கலாபியா அங்கி போட்டு, இடுப்பில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு ஆடுகிறார். வயிறும் தெரியாது, மினுக்கமும் இல்லை. ஆனால் தபலாவின் (இந்தியத் தபேலா அல்ல, கோப்பை வடிவ எகிப்தியப் பறை) ஒவ்வொரு தட்டும் அந்தத் துண்டில் விழுவதைப் பார்க்கலாம். தில்லியில் ஈஷான் ஹிலால் கதக் பழகி இந்த ஆட்டத்துக்கு வந்தவர், வேறு வகையான உடுப்பு, வேறு வகையான துணிச்சல். இரண்டு பேரையும் பார்த்துவிட்டு எது உங்கள் உடம்புக்கு ஒத்துவருகிறது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இப்போது ஹோட்டல் விசயம். பாசிக்குடாவில் உங்களைத் திருப்பி அனுப்பிய மனேஜர் உங்களை வெறுக்கிறார் என்று நினைக்காதீர்கள். அவரிடம் மாலை நிகழ்ச்சிக்கு ஒரு பழைய பட்டியல் இருக்கிறது: கண்டிய நடனம், தீ நடனம், ஒரு பாட்டுக் குழு. பெல்லி டான்ஸ் என்று வந்தால் அவர் கண்ணில் நிற்பது சுவரொட்டியில் போடுகிற ஒரு பெண்ணின் படம். வெறும் மேலோடு தீப்பந்தம் சுழற்றுகிற ஆணுக்கு அதே மேடையில் கைதட்டு விழுகிறது. ஆகவே ஆண் உடம்பு அங்கே விலைபோகாது என்பது இல்லை. எந்த அசைவுக்கு விலைபோகும் என்பதில்தான் பாகுபாடு.

'பொம்பிளப் புள்ளைகளைக் கூட்டிட்டு வாங்க' என்றார்களே, அதில் இன்னொரு அநீதியும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளைக் கலைஞர்கள் என்று கூப்பிடுவதில்லை. மேசைக்குப் பக்கத்தில் வந்து ஆடு, கூட நின்று படம் எடு என்று கேட்பார்கள், தொடுவார்கள், ஊரில் பெயர் கெடும், அதற்கு ஒருவரும் பொறுப்பு எடுக்க மாட்டார்கள். உங்களுக்கு மேடை இல்லை, அவர்களுக்கு மரியாதை இல்லை. 'பொம்பிளையள்தான் எங்கட வாய்ப்பை எடுக்கினம்' என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சுக்கு நீங்கள் போகாதீர்கள். பெண்களுக்கு மட்டும் என்று நடக்கிற வகுப்புகளையும் குறை சொல்லாதீர்கள். காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ பெண்கள் தங்களுக்குள் கூடி ஆடிப்பாடுகிற ஒரு வீட்டு நிகழ்வு இருந்தால் அது அவர்களுடைய இடம். உங்களுக்கு வேண்டியது அந்த இடம் அல்ல, பொது மேடை.

மன்றத்தில் சொன்ன 'பகிடி ஐட்டம்' பற்றி எனக்குக் கோபம் வருகிறது. இது இங்கே அடிக்கடி நடக்கிறது. ஆண்டு விழாவில், ஒன்றுகூடலில், நன்றாக ஆடத் தெரிந்த ஒரு பொடியனைப் பிடித்துச் சேலை கட்டி, நெஞ்சில் எதையாவது அடைத்து, நாலு பேர் விசிலடிக்க மேடையில் ஏற்றுவார்கள். அறிவிப்பாளர் 'இப்போது உங்களை மயக்க வருகிறார் நம்ம...' என்று பெயரை இழுத்துச் சொல்வார். பொடியன் ஆடத் தொடங்கி முதல் நிமிசத்திலேயே சபை சிரிக்கும். அவன் உண்மையாகவே நன்றாக ஆடினால் இன்னும் அதிகமாகச் சிரிக்கும், ஏனென்றால் அப்போது அவர்களுக்குக் கூச்சம் வந்துவிடுகிறது. அப்புறம் அந்தப் பொடியன் ஊரில் எந்த மேடையில் ஏறினாலும் அந்தச் சிரிப்பு அவனுக்கு முன்னால் போய் இருக்கும். வாய்ப்புக்கு எவ்வளவு ஏங்கினாலும் அந்த அழைப்பை ஏற்காதீர்கள். வேறு எதிலும் விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது.

இன்னொன்றையும் நேராகப் பேசிவிடுவோம். ஆடுகிற ஆணைப் பார்த்ததும் 'அவன் அப்படிப்பட்டவனா' என்று கேட்பார்கள். நீங்கள் யாரை விரும்புகிறீர்கள் என்பது உங்களுடைய சொந்த விசயம், ஆட்டத்தை அதைக் கொண்டு அளக்கிறவருக்கு ஆட்டம் தெரியாது. 'நான் அப்படி இல்லை' என்று நிரூபிப்பதற்காக உங்கள் அசைவுகளை முரட்டுத்தனமாக ஆக்கிக்கொள்ளாதீர்கள். இந்தப் பயத்தில் தங்கள் ஆட்டத்தையே கெடுத்துக்கொண்டவர்களைக் கண்டிருக்கிறேன். இந்தக் கேலிக்கு அதிகம் அடிபடுகிறவர்கள் திருநங்கைகள் என்பதையும் மனதில் வையுங்கள். அவர்களைத் தள்ளிவைத்துவிட்டு உங்களுக்கு மட்டும் மரியாதை தேடுவது சரியல்ல.

இனிச் செய்ய வேண்டியவை.

உடம்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் ஆட்டம் அரைகுறையாக இருந்தால் பாகுபாட்டுக்கு அது நல்ல சாட்டாகிவிடும். நீங்கள் பரதம் படித்தவர். அரைமண்டியில் முழங்கால் வெளியே திரும்பி, நடு உடம்பு ஒரே துண்டாக நிற்கும். இந்த ஆட்டத்தில் பாதங்கள் இணையாக நிற்க வேண்டும், முழங்கால் தளர்ந்திருக்க வேண்டும், நெஞ்சு தனி, வயிறு தனி, இடுப்பு தனி. பழைய பழக்கத்தை உடம்பு இலகுவில் விடாது. ஷிம்மி என்ற நடுக்கத்தை இடுப்பால் செய்யப் பார்க்காதீர்கள், முழங்கால்கள் மாறி மாறி மடங்கி நிமிர்வதில்தான் அது பிறக்கிறது. அண்ணாவியார் அந்தப் பொடியனுக்குச் சொன்னதே இங்கேயும் சரி. ஆண்களுக்கு இடுப்பெலும்பு ஒடுக்கம் என்பதால் அசைவு சபைக்குச் சிறிதாகத் தெரியும். துண்டை வயிற்றில் கட்டாமல் இடுப்பெலும்புக்குக் கீழே, அகலமான இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். குஞ்சம் வைத்த துண்டு நாணயம் வைத்ததைவிட நல்லது, பின்வரிசைக்கும் அசைவு தெரியும். பந்து விளையாடுகிறவர்களுக்குத் தொடையின் பின்தசை இறுகிப்போயிருக்கும். அதை இளக்காமல் இடுப்பை முன்னும் பின்னும் சரித்தால் அடிமுதுகுதான் வலி வாங்கும்.

தாளத்தில் நமக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. மக்சூம் என்ற எகிப்தியத் தாளத்தை எட்டுச் சிறுதட்டாக எண்ணிப் பாருங்கள் (டும் கனத்த தட்டு, தெக் கூர்மையான தட்டு, வெறுமை என்றால் தட்டு இல்லை): டும், தெக், வெறுமை, தெக், டும், வெறுமை, தெக், வெறுமை. இதில் நாலாவது இடத்தில் வருகிற தெக்கை டும்மாக மாற்றினால் சயீதி என்ற தாளம், நடுவில் இரண்டு டும் அடுத்தடுத்து விழும். ஒரு கூத்து மத்தளக்காரரிடம் இதை வாயால் சொல்லிக் காட்டுங்கள், அன்று பின்னேரத்துக்குள் பிடித்துவிடுவார். மத்தளமும் தபலாவும் ஒன்றல்ல. தபலாவின் கூர்மையான ஒலி மத்தளத்தில் வராது. ஆனால் பதிவுசெய்த பாட்டுக்கு ஆடுகிற ஆணை வேடிக்கை பார்க்கிற சபை, பக்கத்தில் ஒரு வாத்தியக்காரர் இருந்து அடிக்க, அவருக்குப் பதில் சொல்லி ஆடுகிற ஆணைக் கவனித்துப் பார்க்கும். இதை நான் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன். அவர் மதிக்கிறார் என்றால் நாமும் மதிக்கலாம் என்று சபைக்குத் தோன்றுகிறது.

நிகழ்ச்சியைப் பத்துப் பன்னிரண்டு நிமிசத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் தடியோடு இருக்கட்டும். எகிப்தின் தஹ்தீப் என்கிற தடியாட்டத்தை யுனெஸ்கோ 2016ல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அது ஆண்களின் போர்க்கலையிலிருந்து வந்த ஆட்டம். சயீதி தாளத்தில் கலாபியாவோடு நீங்கள் தடியைச் சுழற்றி வந்தால், பொல்லடியும் சிலம்பமும் பார்த்த கண்ணுக்கு அது உடனே பிடிபடும். ஆனால் தடியோடு நின்றுவிடாதீர்கள். நடுவில் தடியைக் கீழே வைத்துவிட்டு, வாத்தியக்காரரைப் பார்த்துத் திரும்பி, இடுப்பாட்டத்தைக் குறைந்தது நாலு நிமிசம் முழுமையாக ஆடுங்கள். அதைத் தவிர்த்தால் ரெடா ஒப்புக்கொண்ட பாதி அனுமதியைத்தான் நீங்களும் வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

முதல் மேடைக்கு ஹோட்டலை நம்ப வேண்டாம். கல்லடியில் 1982ல் இசை நடனக் கல்லூரியாகத் தொடங்கி இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாக இருக்கிற இடம் உங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். அங்கே ஆடுகிற ஆண்களும் இருக்கிறார்கள், ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்கிற கண்களும் இருக்கின்றன. ஏப்ரல் 29 உலக நடன தினம், அதுவும் 1982ல் தொடங்கியதுதான். அந்தத் தினத்தை ஒட்டி ஒரு சிறிய நிகழ்ச்சி செய்யலாமா என்று மாணவர்களிடம் கேளுங்கள். ஆடுவதோடு அந்த ஆட்டத்தின் கதையையும் பத்து நிமிசம் பேசுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரைச் சந்தித்து ஒரு கலைமன்றமாகப் பதிவு செய்யலாம். தனி ஆளாகக் கேட்டால் 'யாரு நீ' என்பார்கள், மன்றத்தின் கடிதத் தலைப்போடு போனால் இருக்கச் சொல்வார்கள். தேவநாயகம் மண்டபம் போன்ற பெரிய இடம் முதலில் வேண்டாம். எண்பது பேர் பக்கத்தில் இருந்து பார்க்கிற சிறிய மண்டபம் இந்த ஆட்டத்துக்கு நல்லது, வயிற்றசைவு தூரத்துக்குத் தெரியாது.

கோயில் திருவிழா மேடைக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். ஆட்டம் தாழ்ந்தது என்பதால் அல்ல. அங்கே ஆடுகிறவருக்கும் பார்க்கிறவருக்கும் வேறு ஒரு நோக்கம் இருக்கிறது, தேவையில்லாத சண்டையில் போய் மாட்டுவீர்கள். கலியாண வீட்டு மேடையும் சாமத்தியச் சடங்கு மேடையும் குடும்பத்தைப் பொறுத்தது. மாப்பிள்ளையின் கூட்டாளிமார் மட்டும் கூப்பிட்டால் இரண்டு தடவை யோசியுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் பேசினால் போகலாம்.

எங்கே போனாலும் நாலு விசயத்தை வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: எவ்வளவு கொடுப்பனவு, உடுப்பு மாற்றப் பூட்டுள்ள அறை உண்டா, ஆடும்போது யாரும் மேடைக்கு ஏறவோ தொடவோ கூடாது, அறிவிப்பாளர் நீங்கள் எழுதித் தருகிற இரண்டு வரியை மட்டும் வாசிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைச் சின்ன விசயம் என்று விட்டுவிடாதீர்கள். 'எகிப்திய ஆட்டக் கலைஞர் இன்னார், மத்தளத்தில் இன்னார்' என்று அறிவித்தால் சபை ஒரு விதமாக இருந்து பார்க்கும். அறிவிப்பாளர் தன்பாட்டுக்குப் பகிடி விட்டால் நீங்கள் என்ன ஆடினாலும் எடுபடாது. கொடுப்பனவில் பெண் ஆட்டக்காரருக்குக் கொடுப்பதைக் கேளுங்கள். குறைத்துக் கேட்டால் வாய்ப்புக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம், மலிவான மாற்றாள் என்று ஆகிவிடுவீர்கள். அவர்களுடைய கூலியும் உங்களால் இறங்கும்.

இரவு நிகழ்ச்சி முடிந்தால் முகத்தைக் கழுவி, சாதாரண உடுப்பு மாற்றிக்கொண்டு, ஒருவரோடு சேர்ந்து வீட்டுக்குப் போங்கள். தனியாக மோட்டார் சைக்கிளில் கண்மையோடு போனால் சந்தியில் மறித்துக் கேள்வி கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். இப்படி எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் நிலைமை அதுதான்.

வீட்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. இருந்தாலும், அம்மாவுக்கு இது தெரியாது என்றால், ஊரில் யாரோ எடுத்த காணொளியில் அவர் இதை முதல்முதல் பார்க்கக் கூடாது. வீட்டில் மத்தளக்காரரோடு பழகுங்கள். அம்மா தேத்தண்ணி கொண்டுவரும்போது பார்க்கட்டும்.

கடைசியாகக் காலக்கணக்கு. கிழக்குக் கரையில் சுற்றுலாக் காலம் ஏப்ரல், மே அளவில் தொடங்கிச் செப்டெம்பர் வரை போகும். அறுகம்குடாவில் ஒக்டோபர் வரையும் ஆட்கள் இருப்பார்கள். மழைக்காலம் பழக்கத்துக்கு உகந்தது. ஜனவரிக்குள் ஒரு முழு நிகழ்ச்சியை வெட்டாமல், ஒரே கெமராவில், தலையிலிருந்து பாதம் வரை தெரிய எடுத்துவிடுங்கள். பெப்ரவரி, மார்ச்சில் மனேஜர்மார் அடுத்த பருவத்துக்கு ஆள் பிடிக்கிற நேரத்தில் அதை அனுப்புங்கள். பாசிக்குடாவின் பெரிய ஹோட்டல்களைவிட அறுகம்குடாவின் சின்ன இடங்கள் முதலில் இணங்கும் என்று நினைக்கிறேன். அங்கே அலைச்சறுக்கு விளையாட வருகிற இளம் ஆட்கள் அதிகம், அவர்களுக்கு அந்தச் சுவரொட்டிப் படம் தேவையில்லை. பக்கத்தில் உள்ள பொத்துவில் ஊர்மக்களின் பள்ளிவாசல், தொழுகை நேரங்களை விசாரித்து அதற்கேற்ப நேரம் கேளுங்கள். மத்தளக்காரர் வேண்டுமென்றால் எழுதுங்கள், சயீதி பிடிக்கக்கூடிய இரண்டு பேரை எனக்குத் தெரியும்.